சாவிக்கொத்தில் தொங்கிய கம்ப்யூட்டர்

சித்தப்பாவின் சாவிக்கொத்தில் ஐந்து சாவிகள். வாசல் கதவு, பீரோ, ஸ்கூட்டர், பள்ளிக்கூட அலமாரி என்று நான்குக்குக் கணக்கு உண்டு. ஐந்தாவது எதனுடையது என்று அவருக்கே தெரியாது. தூக்கிப் போடவும் மாட்டார். "அதோட பூட்டு எங்கயாவது காத்துக்கிட்டிருக்கும்" என்பார். சாவிகளோடு பொத்தான் வைத்த ஒரு சின்னத் தோல் உறையும் தொங்கும். அதற்குள் ஒரு பென் டிரைவ். அந்த பென் டிரைவுக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டர் குடியிருந்தது.

சித்தப்பா கணக்கு வாத்தியார். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயர் "டைம்டேபிள்". டைம்டேபிள் வந்துட்டாரா, டைம்டேபிள் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். முப்பத்தெட்டு ஆசிரியர்கள், இருபத்தெட்டு வகுப்புகள், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு எட்டு பீரியட். ஆயிரத்து நூற்று இருபது கட்டங்கள். ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் நிற்கக் கூடாது. ஒரு வகுப்பில் ஒரே நேரத்தில் இருவர் நிற்கக் கூடாது. இதை முதல் சில வருடங்கள் பென்சிலும் ரப்பருமாகப் போட்டுப் பார்த்து, ரப்பர் தூள் சட்டைப்பையெல்லாம் நிறைந்து, சித்தியிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குப் பூப்போட்ட துணி தைத்துப் போர்த்தி, தனி அறையில் வைத்துப் பூட்டினார்கள். யாரும் தொடப் பயந்த அந்தப் பெட்டிக்கு முன்னால் சித்தப்பா இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்தார். கூடவே வந்த கனமான புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே படித்து, தொண்ணூற்று மூன்றில் டைம்டேபிள் போடுகிற ஒரு புரோகிராமை எழுதி முடித்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது.

கட்டம் நிரப்புகிற புரோகிராமை யாராவது எழுதிவிடலாம். சித்தப்பாவின் புரோகிராமில் ஒவ்வோர் ஆசிரியர் பெயருக்கு எதிரிலும் "குறிப்பு" என்று ஓர் இடம் இருந்தது. அறுபது எழுத்து கொள்ளும். ஃபிசிக்ஸ் டீச்சருக்கு எதிரில், அம்மா படுக்கையில், தினம் நாலாவது பீரியட் காலி. நாலாவதோடு சாப்பாட்டு நேரமும் சேர்ந்தால் அவள் வீட்டுக்கு ஓடி, அம்மாவுக்கு ஊட்டி, துணி மாற்றிவிட்டு வர நேரம் சரியாக இருக்கும். டிராயிங் மாஸ்டருக்கு எதிரில், முட்டி, மாடி வேண்டாம். இன்னொருவருக்கு, செவ்வாய் முதல் பீரியட் வேண்டாம், மகனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகணும்.

இதையெல்லாம் அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ஸ்டாஃப் ரூம் மூலையில் நோட்டுத் திருத்துகிற பாவனையில் காதைத் திறந்து வைத்திருப்பார். ஓர் இங்கிலீஷ் டீச்சர் உண்டாகியிருப்பதை அவளே மாமியாரிடம் சொல்வதற்கு முன்னால் இவர் அவளுக்கு முதல் பீரியடை எடுத்துவிட்டு, மாடியிலிருந்து கீழே கொண்டுவந்துவிட்டாராம். "வயித்துக்குள்ள இருக்கறதுக்கே பீரியட் போடற மனுஷன்" என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வார்கள்.

ஒருமுறை அவரே சொன்னார், ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று. "கேட்டா ஹெச்.எம். குடுத்துடுவாங்க, நல்ல மனுஷிதான். ஆனா அங்க போய் நின்னு, வீட்டுக் கதையெல்லாம் சொல்லி, கேட்டு வாங்கணும் பாரு, அதுதான் கூடாது. ஃபிசிக்ஸ் டீச்சர்லாம் கேக்கறதுக்கு பதில் வேலையை விட்டுடும்." என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஐம்பது வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட அவரையும் சித்தியையும் விட்டால் ஆளில்லை.

சித்தி அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கயிறு கயிறாகப் பிடுங்கிச் சொருகுகிற வேலை. ஊரில் முக்கால்வாசி நம்பர் அவளுக்கு மனப்பாடம். எக்ஸ்சேஞ்ச் தானியங்கி ஆனதும் வேலை போனது, நம்பர்கள் போகவில்லை. இன்றைக்கும் யாராவது பழைய ஆள் பேரைச் சொன்னால், "முன்னூத்திப் பதினேழு" என்று தன்னையறியாமல் சொல்லிவிடுவாள்.

அந்த முதல் கம்ப்யூட்டர் சளைக்காமல் உழைத்தது. பள்ளியில் மற்ற கம்ப்யூட்டர்கள் மூன்று தலைமுறை மாறிவிட்டன. சித்தப்பா மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை பூப்போட்ட துணியை விலக்கி அதை எழுப்புவார். ஒரு வருடம் எழுப்பியபோது பின்பக்கம் புகை வந்தது.

கம்ப்யூட்டர் டீச்சர் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். படபடவென்று பேசுவாள், படபடவென்று செய்வாள். பெட்டியைப் பிரித்து உள்ளிருந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்தாள். புகைந்தது வேறு இடம், டிஸ்க் பிழைத்திருந்தது. "மொத்தமே ஐந்நூறு எம்.பி. சார், நாங்க எடுக்கற வீடியோ ஒண்ணு இதுல பாதிதான் நிக்கும்" என்று சிரித்துக்கொண்டே அதை அப்படியே, ஓர் எழுத்து விடாமல், எட்டு ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் படியெடுத்தாள். அன்றிலிருந்து அந்த டிரைவும் தன்னை ஐந்நூறு எம்.பி. என்றே நம்பியது.

அதன் பிறகு அவள் செய்ததைத்தான் சித்தப்பா எங்களுக்கெல்லாம் வாய் ஓயாமல் விளக்குவார். இன்றைய கம்ப்யூட்டருக்குள் பொய்யாக ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கலாம். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். வாடகை வீட்டுக்குள் உள்வாடகைக்குக் குடி வைக்கிற மாதிரி. உள்ளே இருப்பவருக்கு இது அடுத்தவர் வீடு என்றே தெரியாது. ஆனால் அந்தப் பொய்க் கம்ப்யூட்டர் பென் டிரைவிலிருந்து எழுந்திரு என்றால் லேசில் எழாது. "உன் ஹார்ட் டிஸ்க் வெளியே சொருகியிருக்கு, போய்ப் பார்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் டீச்சர் அப்படி ஒரு சின்ன ஃபைலை எழுதி, பள்ளிக் கம்ப்யூட்டரிலும் சித்தப்பாவின் வீட்டு லேப்டாப்பிலும் வைத்துக் கொடுத்தாள். சீட்டில் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும்: ஒன்றாம் நம்பரில் சொருகியிருப்பது. வேறு ஏதாவது முன்னால் சொருகியிருந்தால் நம்பர் மாறி, அது தப்பான வீட்டுக் கதவைத் தட்டும்.

ஆகவே சித்தப்பா வீட்டில் அதை எழுப்புவது என்றால் ஒரு சடங்கு. லேப்டாப்பில் சொருகியிருப்பதையெல்லாம் பிடுங்குவார். சித்தியின் போன் அதில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தாலும் பிடுங்குவார். "அம்பது பர்சன்ட்டுகூட ஏறலைங்க" என்று அவள் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். பிறகு உறையின் பொத்தானைத் திறந்து, பென் டிரைவைச் சொருகி, மெஷினைத் தட்டுவார். லேப்டாப் திரைக்குள் ஒரு சின்ன கறுப்புத் திரை திறக்கும். பழைய பெட்டியைப் போலவே மெமரியை எண்ணும். பீப் என்று ஒரு கூவல். பிறகு பச்சை எழுத்து.

தேதியிலும் ஒரு வேலை செய்திருந்தார். இரண்டாயிரம் என்று ஒரு வருடம் வரப்போவதை நினைக்காமல் எழுதிய புரோகிராம் அது. அதற்காக அந்த மெஷினின் கடிகாரத்தை இருபத்தெட்டு வருடம் பின்னால் தள்ளி வைத்திருந்தார். ஏன் இருபத்தெட்டு என்று நான் கேட்டேன். "இருபத்தெட்டு வருஷம் பின்னால போனா தேதிக்குக் கிழமை மாறாது பாப்பா. இன்னைக்கு சனின்னா அன்னைக்கும் சனி." ஆக வெளியே இரண்டாயிரத்து இருபத்து மூன்று என்றால் உள்ளே தொண்ணூற்று ஐந்து. அதற்கு முன்னால் உட்கார்ந்து அவர் தட்டும்போது பார்த்தால், தலைமுடியைத் தவிர மற்றதெல்லாம் தொண்ணூற்று ஐந்தாகத்தான் இருக்கும்.

இன்னொரு காப்பி எடுத்து வைக்கலாமே என்று கம்ப்யூட்டர் டீச்சர் பலமுறை சொல்லியிருக்கிறாள். முடியாது என்றுவிட்டார். அடுத்தவர் வீட்டு விஷயம் முப்பத்தெட்டு அதற்குள் இருக்கிறது; காப்பி எடுத்தால் காப்பிக்குக் காப்பி எடுக்க எவ்வளவு நேரமாகும்? ஒன்று போதும், அதுவும் என் இடுப்பிலேயே இருக்கட்டும் என்றார்.

அந்த வருடம் அவருக்குக் கடைசி வருடம். அடுத்த கோடையில் ஓய்வு. பள்ளி புதிதாக ஒரு டைம்டேபிள் சாஃப்ட்வேர் வாங்கியிருந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் எந்தெந்த பீரியட், எந்தெந்த வகுப்பு வேண்டாம் என்று டிக் அடித்தால் போதும், மிச்சத்தை அதுவே போட்டுவிடும். காரணம் எழுத இடமே இல்லை. சித்தப்பாவுக்கு அது பிடித்துப் போனது. டிக் மட்டும் அந்தப் பக்கம் போகட்டும், கதையெல்லாம் இந்தப் பக்கமே கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை பள்ளியில் பழையதையும் எழுப்பி, புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் உட்கார்ந்து குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடிக்க வேண்டியது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

சனிக்கிழமை காலை நான் போனது வேறு வேலையாக. என் மகள் கல்யாணத்தில் சித்தி எடுத்த போட்டோக்களை வாங்கிக்கொண்டு போக. போனிலிருந்து லேப்டாப்புக்கு ஏற்றி, லேப்டாப்பிலிருந்து பென் டிரைவில் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். இந்த வேலையெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சித்தப்பா சொல்லிக் கொடுத்ததுதான்.

நான் போனபோது சித்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சித்தப்பா லேப்டாப்பை விரித்து, சொருகியிருந்ததையெல்லாம் பிடுங்கி, தோல் உறையின் பொத்தானைத் திறந்துகொண்டிருந்தார். திறந்தவர் உறையைக் கவிழ்த்தார். தட்டினார். சட்டைப்பையைத் தடவினார், அது மாற்றிய சட்டை.

"நேத்து போட்டிருந்த சட்டை எங்க?"

துவைச்சாச்சு என்றாள் சித்தி. பையில் ஒரு பென் டிரைவ் இருந்ததாகவும், நல்லவேளை தான் பார்த்ததாகவும், இல்லாவிட்டால் மெஷினில் சுற்றிச் செத்திருக்கும் என்றும் சொன்னாள். சித்தப்பா மூச்சு விட்டார். பள்ளியில் அவசரமாகப் பிடுங்கி, உறையில் போடாமல் பையில் போட்டிருக்கிறார். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"அதைத்தான் பாப்பாவுக்கு எடுத்து வெச்சிருக்கேன். போட்டோ போட்டு."

சித்தப்பா கையிலிருந்த உறையை மேஜையில் வைத்தார். சித்திதான் பேசிக்கொண்டே போனாள். அவருடைய டிரைவ் எப்போதும் உறைக்குள் இருப்பது. பையில் இருந்ததால் பள்ளியில் எங்கேயோ பொறுக்கிக்கொண்டு வந்தது என்று நினைத்திருக்கிறாள். திறந்து பார்த்தால் ஒரு படம் இல்லை, ஒரு பாட்டு இல்லை. எல்லாம் பெரிய எழுத்தில் எட்டெட்டு எழுத்துப் பெயர். வாலில் எக்ஸ்இ, பேட், காம். அப்படி வால் வைத்த ஃபைலைத் தெரியாத பென் டிரைவில் பார்த்தால் அது வைரஸ், தொடாதே, நேராக ஃபார்மட் பண்ணு என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவர் யார்?

"நீங்க சொன்னபடியேதான் பண்ணேன்" என்றாள். "பேருக்குத்தான் எட்டு ஜி.பி.ன்னு போட்டிருக்கு. நூத்தி அறுபது போட்டோவுக்கு மேல ஏறவே இல்ல. ஏமாத்து."

சித்தப்பா அதை வாங்கிச் சொருகி, மெஷினைத் தட்டினார். அவர் எதை எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கறுப்புத் திரை வந்தது. மெமரியை எண்ணியது. கூவியது. பிறகு, இதில் ஒன்றுமில்லை, டிஸ்க்கை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. பாவம், தொண்ணூற்று ஐந்தாம் வருடத்துக் கம்ப்யூட்டர் என் மகள் கல்யாணத்திலிருந்து எழுந்திருக்கப் பார்த்திருக்கிறது.

கம்ப்யூட்டர் டீச்சரைப் போனில் பிடித்தார். ஃபார்மட் பண்ணினாலும் திரும்ப எடுக்கலாம் சார், மேலே எதுவும் எழுதாமல் இருந்தால் என்று அவள் தைரியம் சொல்லிவிட்டு, எவ்வளவு போட்டோ போட்டீங்க என்று கேட்டாள். நிரம்பும் வரைக்கும் என்றார் சித்தப்பா. படபடவென்று பேசுகிறவள், "அப்ப கஷ்டம் சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சித்தி கையில் கத்தியோடு வந்து நின்றாள். நடந்தது அவளுக்கு இப்போதுதான் முழுதாகப் புரிந்தது. சித்தப்பா திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள், வீடு சகஜமாகியிருக்கும். அவர் திட்டவில்லை. "முப்பத்தெட்டு பேர்" என்று மட்டும் சொன்னார். "ஃபிசிக்ஸ் டீச்சர் திங்கட்கிழமை வந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாது. ஒரு வாரம் சமாளிக்கும். அப்புறம் லெட்டர் குடுத்துடும்."

போன வருட டைம்டேபிள் இருக்குமே, அதைப் பார்த்துப் போடலாமே என்று கேட்டேன். இருந்தது. மேஜை அளவுக்கு ஒரு தடித்த தாள். ஆனால் ஒருவருக்கு வாரத்தில் பத்து பீரியட் காலி. அந்தப் பத்தில் எது அவசியத்துக்கு விட்டது, எது தானாக விழுந்தது என்று தாள் சொல்லாது. "ஃபிசிக்ஸ் டீச்சர்துதான் ஞாபகம் இருக்கு, இன்னும் ஏழெட்டு ஞாபகம் இருக்கு" என்றார். மற்றதெல்லாம் மெஷினை நம்பி மறந்துவிட்டவை. மறப்பதற்குத்தானே எழுதி வைப்பது.

சித்தி கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"பேரை வரிசையா சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்க, சொல்றேன்."

அவர் முதல் பெயரைச் சொன்னார். சித்தி வலது கையை வலது காதின் மேல் வைத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் ஹெட்போன் இருந்த இடம். கண்ணை மூடினாள். "பயாலஜி. மச்சினன் கடைக்குக் காலைல பால் வண்டி வருது, இவர்தான் இறக்கணும், முதல் பீரியட் வேண்டாம், எல்லா நாளும்" என்றாள்.

சித்தப்பா அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். யாருக்கும் காப்பி கொடுக்க மாட்டேன் என்ற மனுஷன், முப்பது வருடமாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒவ்வொரு குறிப்பையும் இவளிடம் ஒப்பித்திருக்கிறார். தான் சொல்வதே தெரியாமல் சொல்லியிருக்கிறார். வைரஸ் என்று நினைத்து அழித்தவளிடமே காப்பி இருந்தது.

நான் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். என் கையெழுத்து சகிக்காது என்று பத்தாவது பேரோடு சித்தி நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவளே சொல்லி அவளே எழுதினாள். லைப்ரரியன், கெமிஸ்ட்ரி, பி.டி. மாஸ்டர். பி.டி. மாஸ்டருக்கு வெயில் ஒத்துக்காது, மத்தியானம் கிரவுண்டு வேண்டாம். வெயில் ஒத்துக்காதவர் ஏன் பி.டி. மாஸ்டரானார் என்று அவளே ஒரு கேள்வியும் கேட்டுக்கொண்டாள். நடுவில் ஒரு பாட்டு வாத்தியார் பெயரைச் சொல்லி, "திங்கள் முதல் பீரியட் வேண்டாம், ஞாயித்துக்கிழமை கச்சேரி முடிஞ்சு தொண்டை எழும்பாது" என்றாள்.

"அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சு" என்றார் சித்தப்பா.

"தெரியும். சும்மா சொன்னேன்."

சித்தப்பா அவருடைய குறிப்பையும் அழித்திருக்கவில்லையாம். போனவர்கள் யாருடையதையும் அழித்ததில்லை. வருடத்துக்கு ஒரு தடவை எழுப்பும்போது அவர்களும் வரிசையில் வந்து போவார்கள். கொஞ்ச நேரம் இருவரும் தேவையே இல்லாமல் போனவர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தையல் டீச்சர். பல்லில் குச்சியோடே வகுப்புக்குப் போகும் ஹிஸ்டரி வாத்தியார். வெளிநாடு போய் ஒரு கடிதம்கூடப் போடாத இங்கிலீஷ் டீச்சர். வயித்துக்குள்ளேயே பீரியட் வாங்கின அவளுடைய மகனுக்கு இப்போது இருபத்தைந்து வயது.

சண்டை இருபத்து மூன்றாவது பெயரில் வந்தது. மகனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறவருக்குச் செவ்வாய் என்றாள் சித்தி. அது போன வருடமே புதனுக்கு மாறிவிட்டது என்றார் சித்தப்பா. நான் சொன்னா சொன்னதுதான் என்றாள். எனக்கே தெரியாதா என்றார். அப்போதுதான் சித்திக்கு அது தோன்றியிருக்க வேண்டும். எழுந்து சமையலறைக்குப் போனாள்.

வருடம் முடிந்ததும் பழைய டைம்டேபிள் தாளைச் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். நல்ல தடித்த தாள். சித்தி அதைச் சமையலறை அலமாரித் தட்டில் விரிப்பாள். பழையதை எடுக்க மாட்டாள். அதன் மேலேயே புதியது. அலமாரியில் நாலு தட்டு. டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டு உரித்தால், அடியில் தட்டுக்குத் தட்டு வருடங்கள் அடுக்காக வந்தன. எண்ணெய் டப்பா வட்டம், சர்க்கரைக் கறை, எறும்பு அரித்த ஓரம். பதினேழு தாள்.

கூடத்தில் தரையில் வரிசையாகப் பரப்பினோம். வேலை அதன்பிறகு சுலபமானது. தானாக விழுந்த காலி வருடத்துக்கு வருடம் இடம் மாறும். அவசியத்துக்கு விட்ட காலி அதே கட்டத்தில் நிற்கும். மூன்று வருடம் தொடர்ந்து ஒரே கட்டம் வெள்ளையாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பேச்சுப் பயிற்சிக்காரருக்கு மூன்று வருடம் செவ்வாய், போன வருடம் புதன். சித்தப்பா சொன்னதுதான் சரி. சித்தி நோட்டில் அடித்து எழுதினாள். கிராஃப்ட் டீச்சருக்கு மட்டும் ஏழாம் வகுப்பு பி பிரிவு எந்த வருடமும் விழுந்ததே இல்லை. ஏன் என்று இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏதோ இருந்திருக்கும், அவளைப் போய்க் கேட்கவா முடியும் என்று காரணமில்லாமலே ஒரு வேண்டாம் போட்டார்கள்.

மத்தியானம் பீன்ஸ் நறுக்கியபடியே கிடந்தது. ரொட்டியை வாட்டித் தின்றோம். மூன்று மணி சுமாருக்கு முப்பத்தேழு பெயர் முடிந்தது.

"முப்பத்தெட்டு நீங்க" என்றாள் சித்தி.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

சித்தி தரையில் முழங்கால் போட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். மற்றவர்களுக்குப் பார்த்த பழக்கத்தில் கணக்கு வாத்தியார் வரிசையிலும் விரலை ஓட்டினாள். வியாழக்கிழமை, எட்டாவது பீரியட். வெள்ளை. அடுத்த தாள். வெள்ளை. எண்ணெய் வட்டத்துக்குள்ளும் வெள்ளை. பதினேழு தாளையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வியாழக்கிழமை பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுடுவாங்கன்னுதானே சொன்னீங்க?"

சித்தப்பா சாவிக்கொத்தை எடுத்து, ஐந்தாவது சாவியைப் பார்த்தார்.

எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, வியாழன். கல்யாணமான புதிது. வீடு நிறையப் பெரியவர்கள். பெண்டாட்டியைப் பார்க்கச் சீக்கிரம் வந்தேன் என்று எவன் வாய்விட்டுச் சொல்வான்? வியாழக்கிழமை சீக்கிரம் விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். முதல் வருடம் பென்சிலில் விட்ட கட்டம், பிறகு புரோகிராமில் ஒரு குறிப்பாக ஏறியது. எக்ஸ்சேஞ்சை மூடினார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். குறிப்பை அவர் மாற்றவில்லை. பென் டிரைவுக்குள்ளே நேற்று வரைக்கும் தொண்ணூற்று ஐந்து. சித்தி இன்னும் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள், வியாழக்கிழமை அவளுக்கு லீவு. முப்பத்தெட்டு குறிப்பில் அவளிடம் ஒப்பிக்காதது அந்த ஒன்றுதான்.

இதையெல்லாம் அவர் கோவையாகச் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். "அப்ப உனக்கு வியாழன்தானே லீவு" என்று மட்டும் சொன்னார். மிச்சம் நாங்கள் கூட்டிக்கொண்டது.

"எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள் சித்தி. "அவங்கள்லாம் என்ன நெனச்சாங்களோ."

நோட்டை இழுத்து எதையோ எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. பிறகு டப்பாக்களைத் திரும்ப அடுக்க என்னைக் கூப்பிட்டாள். தாள்களை ஒவ்வொரு தட்டிலும் முன்பு இருந்த வரிசையிலேயே விரிக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா நோட்டைப் பார்த்து டிக் அடித்தார். திங்கட்கிழமை டைம்டேபிள் ஸ்டாஃப் ரூம் சுவரில் ஏறியது. நடந்ததைக் கம்ப்யூட்டர் டீச்சர்தான் எனக்குப் போனில் சொன்னாள். ஃபிசிக்ஸ் டீச்சர் வந்து, நாலாவது பீரியடில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஐந்து நாளும் பார்த்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாளாம். கிராஃப்ட் டீச்சர் தன் கட்டங்களை நோட்டில் எழுதிக்கொண்டு போனாளாம். ஹெச்.எம். அறை வாசலில் அன்றைக்கு யாரும் போய் நிற்கவில்லை. ஹெச்.எம்.முக்கே ஆச்சரியம், புது சாஃப்ட்வேர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றார்களாம். "ரொம்ப நல்ல சாஃப்ட்வேர் மேடம்" என்றாராம் சித்தப்பா.

பென் டிரைவ் என்னிடம் வந்துவிட்டது. நூற்று அறுபது போட்டோ. அதில் பாதியில் சித்தியின் கட்டைவிரல்.

மீதிப் போட்டோவை வாங்க அந்த வாரமே போனேன். வியாழக்கிழமை என்று யோசித்துப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி அடித்ததும் சித்தி எழுந்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். கடைசி வருடம், அதுவும் இப்போது குட்டு வெளிப்பட்ட பிறகு, அந்த மனுஷன் தனக்கென்று டிக் அடித்திருக்க மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். மூன்று பத்துக்கு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சாவிக்கொத்துச் சத்தம். உறை காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

சித்தி அடுப்பைவிட்டுத் திரும்பாமலே கேட்டாள். "என்ன, இன்னைக்கு சீக்கிரம் விட்டுட்டாங்களா?"

"ஆமா" என்றார் சித்தப்பா செருப்பைக் கழற்றியபடி. "வியாழக்கிழமை இல்ல?"